சொந்த லாரிக்கு 44ஏஇ: டீசல், டயர், டியூ வட்டியைத் தனியா கழிக்கலாமா?

பன்னெண்டு வீல்:

வணக்கம்ங்க. ஊர் நாமக்கல். 12 வீல் லாரி ஒன்னு, என் பேர்ல. ஆர்.சி.யில மொத்த எடை 35,000 கிலோ. சேஸிஸ் பில் 2025 ஆகஸ்ட் 2, பாடி கட்டி ரெஜிஸ்டர் ஆனது ஆகஸ்ட் 25. சேஸிஸ், பாடி, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து 46 லட்சம். நானே ஓட்டுறேன், மாத்து டிரைவர் ஒருத்தர் உண்டு. மார்ச் 31 வரைக்கும் வந்த வாடகை 27 லட்சம். செலவு, தோராயமா: டீசல் 13.5 லட்சம், டோல் 2.6, மாத்து டிரைவர் சம்பளமும் பேட்டாவும் 2.2, டயர், ரிப்பேர் 0.8, இன்சூரன்ஸ், பர்மிட், காலாண்டு வரி 1.2, டியூவில வட்டி மட்டும் 2.1. நவம்பர்ல 20 நாள் வண்டி பட்டறையில நின்னுடுச்சு.

என் கேள்விங்க: 44ஏஇ-யில (பத்து வண்டி வரைக்கும் உள்ளவங்களுக்கு, வண்டி எடையை வெச்சே லாபம் இவ்வளவுன்னு எடுத்துக்குற வருமான வரிப் பிரிவு) போட்டா இந்தச் செலவெல்லாம் அதுல கழிச்சுக்கலாமா? வண்டி நின்ன நாளுக்குக் குறைச்சுக்கலாமா? ரெண்டு லாரி ஆபீஸ்ல 1 சதவீதம் டி.டி.எஸ். (வாடகை குடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடிச்சு மொத்தம் 9,400 ரூபா போயிருக்கு, அது திரும்ப வருமா? இன்னொருத்தர் கணக்கு எழுதி நஷ்டம் காட்டச் சொல்றார். எது சரி?


சேலம் கணக்கர்:

2025-26 நிதியாண்டுக்கு உங்கள் கணக்கு இப்படி வரும்.

மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டினால் அது கனரக வண்டி. ஒரு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் லாபம் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. 12,000 கிலோ வரை உள்ள வண்டிக்கு எடை பார்ப்பதில்லை, மாதம் 7,500 ரூபாய். மாதத்தில் ஒரே ஒரு நாள் வண்டி உங்களுடையதாக இருந்தாலும் அது முழு மாதம். உங்களுக்கு ஆகஸ்டில் இருந்து மார்ச் வரை 8 மாதம். 35 × 1,000 × 8 = 2,80,000. இதுதான் உங்கள் லாரி வருமானம்.

இந்த 2,80,000-ல் இருந்து டீசலோ டயரோ வட்டியோ ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. 30 முதல் 38 வரை உள்ள பிரிவுகளில் கிடைக்கும் எல்லாச் செலவும், தேய்மானம் (வண்டி பழசாவதால் குறையும் மதிப்பு) உட்பட, ஏற்கெனவே கழிந்துவிட்டது என்பதுதான் 44ஏஇ-யின் அடிப்படை. 27 லட்சம் வாடகையில் 24,20,000 செலவு என்று பில் கேட்காமல் ஒப்புக்கொண்ட மாதிரி. அதன்மேல் இன்னொரு தடவை டீசலைக் கழித்து ரிட்டர்ன் போடுவது இரட்டைக் கழிவு. நோட்டீஸ் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

வண்டி நின்ற 20 நாளுக்கும் குறைப்பு இல்லை. சட்டம் பார்ப்பது வண்டி ஓடியதா என்று அல்ல, அந்த மாதம் அதற்கு நீங்கள் உரிமையாளரா என்று. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) நின்றாலும், விபத்தில் மூன்று மாதம் படுத்தாலும் டன்னுக்கு 1,000 ஓடிக்கொண்டே இருக்கும். கடனில் வாங்கி ஆர்.சி.யில் எச்.பி. (கடன் கொடுத்தவர் பேர்) போட்டிருந்தாலும் உரிமையாளர் நீங்கள்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாச் செலவும் தேய்மானமும் போக உண்மையான லாபம் 2,80,000-ஐ விட அதிகம் என்றால் அந்த அதிகத் தொகையைத்தான் காட்ட வேண்டும். உங்களுக்கு முதல் வருடத் தேய்மானம் பெரிது என்பதால் அந்தப் பிரச்சினை இல்லை.

வரி: புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. எனவே உங்களுக்கு இந்த ஆண்டு பூஜ்யம். ஆனாலும் ரிட்டர்ன் போடுங்கள், பிடித்த 9,400-ஐத் திரும்ப வாங்க அதுதான் வழி. போடும் முன் 26ஏஎஸ்-ஐ (உங்கள் பேரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் படிவம்) எடுத்து அந்தத் தொகை உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் லாரி ஆபீஸ் பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கலாம், அல்லது அவர்களுடைய காலாண்டுப் படிவத்தில் பான் எண் தவறாக இருக்கலாம். அவர்கள் திருத்தம் போட்டால்தான் உங்களுக்கு வரவு வரும். அடுத்த ஆண்டு 12 மாதமும் சேர்த்து 4,20,000 வரும். அப்போது 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் கட்டாயம். வரி 1,000 ரூபாய் வந்து, ரிபேட்டில் (வரித் தள்ளுபடி) அதுவும் போய்விடும்.

டியூவில் அசல் பகுதியை 80சி வரிக் கழிவில் போடலாமா என்று பலர் கேட்பார்கள். முடியாது. 80சி-யில் வருவது வீட்டுக் கடன் அசல்தான். எல்.ஐ.சி., மருத்துவக் காப்பீடு போன்றவற்றைக் கழிக்கப் பழைய முறைக்குப் போக வேண்டும், அதற்குக் கெடு தேதிக்குள் 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் அப்படிப் போய்விட்டுத் திரும்பி வருவது ஒரே ஒரு முறைதான். ஒரு லாரிக்காரருக்கு இன்றைய நிலையில் அதனால் லாபம் எதுவும் இல்லை.

ரிட்டர்ன் படிவம் ஐ.டி.ஆர்.-4. அதில் வண்டி எண், சொந்தமா வாடகையா, டன், எத்தனை மாதம் என்று வண்டிவாரியாகக் கேட்கும்.


டாரஸ் 28:

அந்தப் படிவத்தில ‘டன் கொள்ளளவு’ன்னுதானே கேக்குது? அப்ப ஏத்துற லோடைத்தானே போடணும்? 12 வீல்ல 24 டன் ஏத்துவோம். 24 × 8, அதாவது 1,92,000 போட்டாப் போதும்ல?


சேலம் கணக்கர்:

வேண்டாம். படிவத்தின் அந்தத் தலைப்பு பலரைத் தவறான வழியில் விடுகிறது. சட்டத்தில் இருப்பது வண்டியின் மொத்த எடை, அதாவது வண்டியும் லோடும் சேர்ந்து ஆர்.சி.யில் ஏறியிருக்கும் எண். 24 போட்டால் இந்த ஒரு வண்டியிலேயே 88,000 குறைத்துக் காட்டியதாக ஆகிவிடும். வண்டி எண்ணைப் படிவத்திலேயே கொடுக்கிறோம். அந்த எண்ணை வைத்து எடையைப் பார்ப்பது யாருக்கும் கஷ்டமில்லை.

ஆர்.சி.யைக் கையில் எடுத்து ‘பதிவு மொத்த எடை’ என்ற இடத்தைப் பாருங்கள். 10 வீல் டாரஸில் 28,000 இருந்தால் முழு ஆண்டுக்கு 3,36,000. 14 வீலில் 42,000 இருந்தால் 5,04,000. சக்கரத்தை எண்ணிப் போடக் கூடாது, ஒரே 10 வீலில் பழைய வண்டிக்கும் 2018-ல் அச்சு எடை வரம்பு கூடிய பிறகு வந்த வண்டிக்கும் எடை வேறு வேறு.


சங்ககிரி மூணு வண்டி:

தம்பி, கணக்கு எழுதி நஷ்டம் காட்டச் சொன்னவர் சொல்றது சட்டப்படி தப்பில்லை. உங்களுக்கு அதனால புண்ணியம் இருக்கான்னுதான் பாக்கணும்.

நீங்க குடுத்த செலவைக் கூட்டினா 22.4 லட்சம். 27-ல கழிச்சா 4.6 லட்சம் மீதி. இதுல தேய்மானம் போகணும். வாடகைக்கு ஓடுற லாரிக்கு 30 சதவீதம் (சொந்தக் கடைச் சரக்கு மட்டும் ஏத்துற வண்டிக்கு 15). வண்டி அந்த வருசத்துல 180 நாளுக்குக் குறைவா உபயோகத்துல இருந்தா பாதிதான். ஆகஸ்ட் 25-ல இருந்து எண்ணினா 219 நாள் வருது, முழு 30 சதவீதமும் உண்டு. 46 லட்சத்துக்கு 13.8 லட்சம். 4.6-ல 13.8 போனா 9.2 லட்சம் மைனஸ்.

பாடி கட்டுன பில்லையும் சேர்த்துத்தான் 46 லட்சம்னு எடுத்திருக்கேன். அதை ரிப்பேர் செலவுல எழுதுறவங்க உண்டு, அது தப்பு. புது வண்டிக்குக் கட்டுற பாடி முதலீட்டுலதான் சேரும். பழைய பாடிக்குப் பலகை மாத்தினா, தகரம் அடிச்சா அது ரிப்பேர். டயர் மாத்துறதும் ரீட்ரேடிங்கும் அந்தந்த வருசச் செலவு.

இப்ப அந்த 9.2 லட்சத்தை வெச்சு என்ன பண்ணப் போறீங்க? இந்த வருசம் 44ஏஇ-யில போட்டாலே வரி பூஜ்யம். அடுத்த வருசமும் பூஜ்யம். மைனஸ் முழுக்கத் தேய்மானப் பாக்கி. கணக்கு எழுதுற வழியிலேயே தொடர்ந்தா அதை எத்தனை வருசம் வேணாலும் கொண்டு போகலாம். நடுவுல 44ஏஇ-க்குத் திரும்புனீங்கன்னா அதை அங்க கழிக்க வழியில்லை, ஏன்னா கணக்கர் சொன்ன மாதிரி அதுல தேய்மானம் ஏற்கெனவே கழிஞ்சதா அர்த்தம். அதோட, 44ஏஇ தொகையை விடக் குறைச்சுக் காட்டுனா வாடகை 27 லட்சமா இருந்தாலும் சரி, 5 லட்சமா இருந்தாலும் சரி, கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் கட்டாயம். ஆடிட் பீஸ் கட்டி, இல்லாத வரியை மிச்சம் பண்ண வேண்டாம்.

கணக்கு எழுதுறதுன்னா பில்லு மட்டும் வெச்சாப் பத்தாது, பணம் எப்படிக் குடுத்தீங்கன்னும் பாப்பாங்க. ஒரே ஆளுக்கு ஒரு நாள்ல 10,000-க்கு மேல ரொக்கமாக் குடுத்த செலவு கழியாது. லிட்டர் 92 ரூபான்னு வெச்சா 200 லிட்டர் டீசல் 18,400. ஒரு தடவை ரொக்கத்துல டேங்க் நிரப்புனாலே அந்த 18,400 முழுசும் போச்சு, 10,000-க்கு மேல உள்ள 8,400 மட்டும் இல்ல. பம்புல கார்டு, யு.பி.ஐ., இல்லாட்டி டீசல் கார்டுதான். டயர் கடையும் அப்படித்தான்.

டிரைவர் கையில குடுத்த டிரிப் அட்வான்சை அப்படியே செலவுன்னு எழுதக் கூடாது. டிரிப் ஷீட்டுல டீசல், டோல், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, பேட்டான்னு பிரிச்சு, பில்லை ஒட்டி, மீதியைத் திருப்பி வாங்குனதாக் காட்டணும். டோலுக்கு பாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டை மாசாமாசம் இறக்கி வெச்சுக்குங்க, மூணு வருசம் கழிச்சுத் தேடுனா சில சமயம் கிடைக்காது. நேஷனல் பர்மிட் 16,500-ம் அத்தாரிட்டி பீஸ் 1,000-மும் ரசீதோட இருந்தாப் போதும். காலாண்டு வரியும் பேங்க் வட்டியும் கட்டுன அளவுக்குத்தான் கழியும், பாக்கி வெச்ச டியூவோட வட்டியை எழுத முடியாது.

நீங்களே ஓட்டுறதுக்கு உங்களுக்குப் பேட்டான்னு எழுதுறது செல்லாது. ஓனர் தனக்குத்தானே சம்பளம் எடுக்க முடியாது. ஓவர்லோடு பைனும் கழியாது. சட்டம் மீறுனதுக்குக் கட்டுற தண்டம் தொழில் செலவுல சேராது. 20,000-மும் கூடுன ஒவ்வொரு டன்னுக்கு 2,000-மும்னு கட்டுற பணம் முழுக்க நம்ம கைநஷ்டம். வழியில கையில திணிக்கிற காசும் அதே கதைதான், எந்தப் பேர்ல எழுதுனாலும் கழியாது.


பன்னெண்டு வீல்:

ரொம்ப நன்றிங்கண்ணா. அப்ப எத்தனை வண்டி ஆனா புத்தகம் எழுதுறது வேலைக்கு ஆகும்? அடுத்து இன்னொரு 12 வீல் வீட்டுக்காரம்மா பேர்ல எடுக்கலாம்னு யோசனை.


சங்ககிரி மூணு வண்டி:

12 வீல் ரெண்டு வரைக்கும் கவலையே இல்ல. 8,40,000 வருமானம், வரி 24,000 வரும், ரிபேட்டுல முழுசும் போயிடும். 12 லட்சம் வரைக்கும் அப்படித்தான். மூணாவது வண்டியிலதான் பிடிக்கும். 12,60,000 ஆகுது. ஸ்லாபுல (படிப்படியா ஏறுற வரி விகிதம்) போட்டா 69,000 வரி. ஆனா 12 லட்சத்தைத் தாண்டுன தொகை 60,000-தான், அதுக்கு மேல வரி கேக்கக் கூடாதுங்கிற சலுகை இருக்கு. அதனால 60,000, செஸ் 4 சதவீதம் சேர்த்து 62,400. அந்த நிலையில, வண்டி புதுசா இருந்து வட்டியும் தேய்மானமும் பெருசா இருந்தா ஆடிட் பீஸ் குடுத்துக் கணக்கு எழுதுறது லாபம். வண்டி ஆறு ஏழு வருசமாகி டியூ முடிஞ்சிருந்தா 44ஏஇ-தான் லாபம். வருசா வருசம் மாத்திக்கலாம். 44ஏடி-யில (மத்த சிறு தொழில்களுக்கான இதே மாதிரிப் பிரிவு) இருந்து வெளிய போனா அஞ்சு வருசம் உள்ள வர முடியாதுன்னு ஒரு பூட்டு இருக்கே, அது இதுல இல்ல.

வரி கட்ட வேண்டி வந்தா அட்வான்ஸ் டாக்ஸை மறக்காதீங்க. வருச வரி 10,000-ஐத் தொட்டா ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15-ன்னு நாலு தவணை. மார்ச்ல ஒரே தடவையாக் கட்டுற வசதி 44ஏடி-க்காரங்களுக்கு உண்டு, நமக்கு இல்ல. இதைத் தப்பா நினைச்சுத் தவணை தவறின வட்டி கட்டுறவங்க நிறையப் பேர்.


சேலம் கணக்கர்:

மனைவி பேரில் வண்டி எடுப்பது பற்றி. பத்து வண்டி வரம்பும் ரிபேட்டும் ஆளுக்கு ஆள் தனித்தனிதான். ஆனால் முன்பணம் நீங்கள் சும்மா கொடுத்த பணம் என்றால், அந்தப் பங்குக்கு வரும் வருமானம் உங்கள் கணக்கில்தான் சேரும். முன்பணம் அவர் நகையை விற்றோ அவருடைய சொந்தச் சேமிப்பில் இருந்தோ வந்து, கடனும் அவர் பேரில் இருந்து, வாடகை அவர் வங்கிக் கணக்கில் ஏறி, டியூவும் அதே கணக்கில் இருந்து போனால் அது அவர் வருமானம். நீங்கள் கொடுப்பதானால் வட்டியோடு கடனாக, வங்கி வழியாகக் கொடுங்கள், எழுத்தில் இருக்கட்டும். கைமாற்றோ தண்டலோ, 20,000-மும் அதற்கு மேலும் ரொக்கக் கடனாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வழி இருக்கிறது.

இரண்டு மூன்று பேர் கூட்டாகச் சேர்ந்து நிறுவனமாக வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: 44ஏஇ தொகையில் இருந்து கூட்டாளிகளின் சம்பளத்தையும் வட்டியையும் சட்ட வரம்புக்குள் கழிக்கலாம். ஒப்பந்தப் பத்திரத்தில் அது எழுதியிருக்க வேண்டும்.

இப்போது யாரும் கேட்காத ஒன்று. இதை விட்டுவிட்டால் நான்கைந்து வருடம் கழித்து வலிக்கும்: வண்டியை விற்கும்போது வரும் வரி.

44ஏஇ-யில் போட்டால் தேய்மானம் எழுதவில்லையே, எனவே வண்டியின் மதிப்பு 46 லட்சமாகவே இருக்கிறது, 24 லட்சத்துக்கு விற்றால் நஷ்டம்தானே என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒவ்வொரு ஆண்டும் 30 சதவீதத் தேய்மானம் கழித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் வண்டிக்கு 2026 மார்ச்சில் 32,20,000. அடுத்த மார்ச்சில் 22,54,000. பிறகு 15,77,800. 2029 மார்ச்சில் 11,04,460. அந்த ஜூனில் 24 லட்சத்துக்கு விற்றால், வேறு லாரி இல்லாத பட்சத்தில் 12,95,540 குறுகிய கால மூலதன லாபம். ஏப்ரல் முதல் ஜூன் வரை 44ஏஇ-யில் 1,05,000. மொத்தம் 14,00,540. இப்போதைய ஸ்லாபில் செஸ்ஸோடு வரி 93,680 ரூபாய். விற்ற பணம் பெரும்பாலும் கடனை அடைக்கப் போயிருக்கும், வரி மட்டும் மிச்சம் இருக்கும்.

தப்பிக்க வழி எளிது. விற்கும் அதே நிதியாண்டில், மார்ச் 31-க்குள், அடுத்த வண்டியை வாங்கிவிடுங்கள். 50 லட்சத்துக்கு வாங்கினால் 11,04,460 + 50,00,000 − 24,00,000 = 37,04,460 என்று மதிப்பு அப்படியே தொடரும், லாபம் என்று எதுவும் வராது. மார்ச்சில் பழையதை விற்று ஏப்ரலில் புதியதை எடுப்பவர்தான் மாட்டுவார். நல்ல விலை வருகிறதே என்று மார்ச் கடைசி வாரத்தில் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்று புதியதும் அந்த வாரமே வர வேண்டும், இல்லாவிட்டால் விற்பனையை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள்.

44ஏஇ-யில் இருப்பவரும் ஒரே ஒரு தாள் வைத்துக்கொள்ள வேண்டும்: வாங்கிய விலை, பாடி பில், தேதி, ஆண்டுதோறும் 30 சதவீதம் கழித்த மீதி. விற்ற ஆண்டில் மூலதன லாபம் வந்தால் ஐ.டி.ஆர்.-4 செல்லாது, ஐ.டி.ஆர்.-3 போட வேண்டும். விற்றவுடன் பேர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களையும் முடித்துவிடுங்கள். ஆர்.சி. உங்கள் பேரில் இருக்கும் வரை மாதாமாதம் 35,000 உங்கள் கணக்கில் கேள்வியாக நிற்கும், விபத்து நடந்தால் அதைவிடப் பெரிய தொல்லை.


லோடு புக்கிங்:

டி.டி.எஸ். விஷயம் சொல்றேன். 9,400 பிடிச்சிருக்கவே வேண்டியதில்லை. பத்து வண்டி வரைக்கும் உள்ள ஓனர் பானையும் ஒரு உறுதிமொழிக் கடிதத்தையும் குடுத்துட்டா, டி.டி.எஸ். பிரிவான 194சி-யின் 6-ஆம் உட்பிரிவுப்படி ஆபீஸ் பிடிக்கக் கூடாது. கடிதம் இல்லைன்னா தனி ஆளுக்கு 1 சதவீதம். பானே குடுக்கலைன்னா 20 சதவீதம், லட்ச ரூபா வாடகையில 20,000 நின்னுடும்.

கடிதத்துல இது போதும்: “நான் சரக்கு வாகனங்களை ஓட்டும், வாடகைக்கு விடும் தொழில் செய்து வருகிறேன். இந்த நிதியாண்டில் எந்த நேரத்திலும் பத்துக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்கள் எனக்குச் சொந்தமாக இல்லை. இதில் மாற்றம் வந்தால் உடனே தெரிவிப்பேன்.” பேர், பான் எண், வண்டி எண், தேதி, கையெழுத்து. பான் கார்டு நகலும் ஆர்.சி. நகலும் பின்னாடி வெச்சுப் பின் அடிங்க.

வருசத்துக்கு ஒரு தடவை, முதல் லோடு ஏத்தும்போதே, ஆபீஸ் ஒவ்வொன்னுக்கும் தனித்தனியாக் குடுங்க. போன வருசம் குடுத்தது இந்த வருசத்துக்கு ஆகாது. பேலன்ஸ் வாடகை வாங்கும்போது குடுத்தா சில ஆபீஸ்ல அட்வான்சுக்கு அதுக்குள்ள பிடிச்சு முடிச்சிருப்பாங்க.

ஆபீஸ் டி.டி.எஸ். பிடிக்காட்டியும் உங்க பானையும் குடுத்த வாடகையையும் காலாண்டுப் படிவத்துல காட்டுவாங்க. அது உங்க ஏஐஎஸ்-ல (வருமான வரித் துறை வெச்சிருக்கிற உங்க வரவு விவரம்) 27 லட்சமா வந்து நிக்கும். ரிட்டர்ன்ல 2,80,000-தானே இருக்குன்னு பதற வேண்டாம், 44ஏஇ-க்கு அப்படித்தான் இருக்கும். கேள்வி வந்தா ஆர்.சி.யைக் காட்டிப் பதில் சொல்லலாம்.

வாடகையை ரொக்கமா வாங்குறவங்க கவனிங்க. ஒரே ஆள்கிட்ட ஒரே நாள்ல 2 லட்சமோ அதுக்கு மேலயோ கையில வாங்கக் கூடாது. பல டிரிப் பேலன்சை மாசக் கடைசியில சேர்த்து வாங்கும்போதுதான் இது இடிக்கும்.


பன்னெண்டு வீல்:

கடிதம் இன்னிக்கே எழுதிடுறேங்க. ஜி.எஸ்.டி. எடுக்கணுமா? வாடகை 20 லட்சத்தைத் தாண்டிடுச்சேன்னு ஒருத்தர் பயமுறுத்துறார்.


சேலம் கணக்கர்:

நீங்கள் செய்வது இரண்டில் ஒன்று. வண்டியை லாரி ஆபீசுக்கு வாடகைக்கு விடுகிறீர்கள், எல்.ஆர். (லாரி ரசீது) அவர்கள் போடுகிறார்கள். அல்லது எல்.ஆர். எதுவும் போடாமல் பார்ட்டிக்கு நேரடியாக லோடு அடிக்கிறீர்கள். இரண்டுக்கும் ஜி.எஸ்.டி.யில் விலக்கு உண்டு. விலக்கு பெற்ற சேவை மட்டும் செய்பவர் பதிவு எடுக்க வேண்டியதே இல்லை, 20 லட்சம் வரம்பு அவரைத் தொடாது. நீங்களே சொந்தப் பேரில் எல்.ஆர். புத்தகம் அச்சடித்துப் போட ஆரம்பித்தால் நிலைமை மாறும். அன்றிலிருந்து நீங்கள் சரக்குப் போக்குவரத்து முகவர், வரி விதிகள் வேறு. சும்மா ஒரு பெருமைக்காக எல்.ஆர். புத்தகம் அடிக்காதீர்கள்.

உறுதிமொழிக் கடிதம் எழுதும்போது ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1-ல் இருந்து 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதில் 44ஏஇ என்ற எண் கிடையாது, அது 58-ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. டி.டி.எஸ். பிரிவுகள் 393-க்குள் வந்துவிட்டன. டன்னுக்கு 1,000, சிறிய வண்டிக்கு 7,500, பத்து வண்டி வரம்பு மூன்றும் மாறவில்லை. போன மார்ச்சோடு முடிந்த ஆண்டுக்கான ரிட்டர்ன் பழைய சட்டப்படி, 44ஏஇ என்றே போகும். இந்த ஏப்ரலுக்குப் பிறகு ஏற்றும் லோடுக்குக் கொடுக்கும் கடிதத்தில் 194சி என்று எழுதாமல் புதிய பிரிவு எண்ணைப் போடுங்கள். லாரி ஆபீசிடம் அச்சடித்த படிவம் இருந்தால் அதிலேயே கையெழுத்துப் போடலாம், பழைய கட்டில் இருந்து எடுத்துக் கொடுக்கிறார்களா என்று மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.